விருந்தினர் கேட்டுக்கொண்டதால்

அந்தக் கணினித் திரையை மேனேஜர் எப்போதும் தன் பக்கமாகவே திருப்பி வைத்திருப்பார். ஏலப்பாறைக்கு மேலே, பழைய தேயிலை பங்களாவை ரிசார்ட்டாக மாற்றிய இடம் அது, நான் அப்போது அங்கே வேலை பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற விருந்தாளிக்குத் திரையின் முதுகும் அதில் தொங்குகிற ஒயர்களும்தான் தெரியும். அறை இல்லை, வாடகை ஏறிவிட்டது, வெந்நீர் வராது, எதுவானாலும் மோதிர விரலால் திரையின் ஓரத்தை டொக் டொக்கென்று தட்டி, "சிஸ்டம்ல அப்படித்தான் சார் காட்டுது" என்பார். வெந்நீருக்கும் சிஸ்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கொச்சியில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த பிறகு அவருக்கு அந்த ஒரு சொல் கிடைத்தது. அதை வைத்தே பிழைப்பை ஓட்டினார்.

இப்போது என் வீட்டிலேயே இரண்டு அறைகளை ஆன்லைனில் வாடகைக்கு விடுகிறேன். இந்தப் புக்கிங்கையெல்லாம் நம்பலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அவர் சிஸ்டம் என்று சொன்ன மென்பொருள் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது. ஓர் அறையை நாலைந்து இணையதளங்களில் காட்டும். ஒன்றில் அது விற்றுப்போனால் மற்ற தளங்களுக்கெல்லாம் உடனே சொல்லி அங்கிருந்து எடுத்துவிடும். ஒருவர் அறையைத் தேர்ந்து பெயரும் விவரமும் அடித்துக்கொண்டிருக்கும்போது, பணம் கட்டி முடிக்கிற வரை சில நிமிடம் அவருக்காகப் பிடித்து வைப்பதும் உண்டு. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதேதான். ஆனால் துண்டு போட்டவன் ஏறி உட்கார வேண்டும். எங்கள் மேனேஜரோ உட்காருகிற உத்தேசமே இல்லாமல் துண்டு போடச் சொல்வார். சனி ஞாயிறு நெருங்கினால் என் போனிலும் சமையல்காரர் போனிலும் அறைகளைத் தேர்ந்து பிடித்து வைக்க வேண்டும். அப்போதுதான் வெளியூர்க்காரருக்கு 'இன்னும் ஒரே ஓர் அறை' என்று சிவப்பில் காட்டும், அவர் பதறி அடித்துக்கொண்டு பணம் கட்டுவார். அடேயப்பா, இதற்கு அவர் வைத்திருந்த பெயர் மார்க்கெட்டிங்!

இது அற்பத்தனம், போகட்டும் என்று விடலாம். அவர் செய்த இன்னொன்றைத்தான் என்னால் இன்றும் செரிக்க முடியவில்லை. ஏற்கெனவே ஆள் பதிந்த அறையை, கூடுதலாகத் தருகிற பார்ட்டி நேரில் வந்தால் வாய் கூசாமல் தூக்கிக் கொடுத்துவிடுவார். முதலில் பதிந்தவரின் புக்கிங்கை ரத்து செய்ய வேண்டுமே. ரத்து செய்யும்போது மென்பொருள் காரணம் கேட்கும். அறை தர முடியவில்லை என்று உண்மையைச் சொன்னால் இணையதளம் நம்மைத்தான் பிடிக்கும். வேறு இடம் பார்த்துக் கொடு என்று சொல்லும், பட்டியலில் எங்கள் பெயரைக் கீழே தள்ளிவிடும். அதனால் அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே காரணத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்: விருந்தினர் கேட்டுக்கொண்டதால். கேட்காத விருந்தினர் பெட்டி படுக்கையோடு வந்து நின்றால், இருக்கவே இருக்கிறது மோதிர விரல்.

ஒரு மழைக்காலத்தில் பெண் ஒருத்தி, கீழே சமவெளியில் உள்ள நல்லேப்பிள்ளியிலிருந்து வரும் தன் அப்பா, அம்மாவுக்காக ஓர் அறை பதிந்திருந்தாள். குறிப்பு எழுதுகிற கட்டத்தில், அப்பாவுக்கு முழங்கால் வலி, படி ஏறாத அறை வேண்டும், குளியலறையில் பக்கெட்டும் மக்கும் வேண்டும் என்று ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தாள். உறுதி செய்ய நான் கூப்பிட்டபோதுதான் அவள் எங்கள் பக்கத்து எஸ்டேட்டிலேயே இருக்கிறாள் என்று தெரிந்தது. அப்பா நெல் வயலும் தென்னந்தோப்பும் உள்ள விவசாயி. இவள் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற எங்கள் தோட்டத்துச் சனத்தில் ஒருவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா அவளோடு பேசவில்லை, பேத்தியையும் பார்த்ததில்லை. அம்மா அழுது அழுது இப்போதுதான் ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறாள். அதுவும் ஒரு நிபந்தனையோடு. தொழிலாளர் லயத்து வாசற்படியை மிதிக்க மாட்டேன், வெளியே எங்காவது என்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். அந்த 'வெளியே எங்காவது'தான் எங்கள் ரிசார்ட். "எல்லாம் சரியா நடக்கோணும்க்கா" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவர்கள் வருகிற நாளில் மழை கொட்டி, எஸ்டேட் முழுக்க மொபைல் டவர் படுத்துவிட்டது. ரிசார்ட்டில் மட்டும் கேபிள் வழியாக இன்டர்நெட் இருந்தது. பகல் சாப்பாடு முடிந்து பக்கெட்டையும் மக்கையும் எடுத்துக்கொண்டு அவர்களுக்கு ஒதுக்கிய கீழறைக்குப் போனால், கட்டிலில் வேறு யாரோ காலை நீட்டிப் படுத்திருக்கிறார்கள். எர்ணாகுளத்துப் பார்ட்டி, இரண்டு காரில் வந்தவர்கள். பக்கெட்டோடு ஓடிவந்து அந்த நல்லேப்பிள்ளிக்காரர் அறை என்ன ஆயிற்று என்று கேட்டேன். மேனேஜர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"இப்பதான் வந்துட்டுப் போனாங்க. ரொம்ப சிம்பிள். உங்க மகளே கேன்சல் பண்ணிட்டாங்க, சிஸ்டம்ல காட்டுதுன்னு சொன்னேன். ஒரு வார்த்தை பேசல, கிளம்பிட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சண்டை போடாத விருந்தாளி அமைந்த சந்தோஷம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பெரியவர் தன் வீம்பையெல்லாம் விழுங்கிக்கொண்டு அத்தனை மலை வளைவு ஏறி வந்து, மகள் நம்மை வரவழைத்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டாள் என்ற நினைப்போடு இறங்கிப் போகிறார். இனி ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார். இந்த மனிதரோ பேப்பர் படிக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. அந்தப் பெண் பட்டுப்பாவாடை கட்டிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். புருஷன் முதல் நாளே மாமனார் கண்ணில் பட வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிட்டாராம். அப்பா வந்தாச்சா என்று கேட்டாள். மேனேஜர் எழுந்து நின்று, முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டு, "வந்தாரு மேடம். வேண்டாம்னு கேன்சல் பண்ணிட்டுப் போயிட்டாரு, சிஸ்டம்ல..." என்று திரையைத் தட்டப் போனார். அப்பாவிடம் மகள்மேல் பழி போட்ட வாய், மகளிடம் அப்பாமேல் போட்டது. நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"உங்க அப்பா பண்ணலம்மா. நீங்களும் பண்ணல" என்றேன். "இவருதான் பண்ணுனாரு. ரூமை வேற ஆளுக்கு வித்துட்டு, நீங்க கேன்சல் பண்ணிட்டீங்கன்னு உங்க அப்பாகிட்ட சொல்லியிருக்காரு."

மேனேஜர் முகம் வெளிறி, பிறகு சிவந்தது. நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம் என்று கத்தினார்.

"அதையும் சிஸ்டம்தான் சொல்லுதா சார்?" என்று கேட்டுவிட்டு என் பையை எடுத்துக்கொண்டேன். சம்பளத்தை நம்பி இருக்கிற வீடுதான் என் வீடும். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதில் இருந்த சுகம் இன்றும் மனதில் இருக்கிறது.

அவள் அப்பாவுக்கு போன் போட்டாள், டவர் இல்லை. தான் சொன்னால் அப்பா நம்ப மாட்டார், நீங்கள் கூட வாருங்கள் என்று என் கையைப் பிடித்தாள். ஜீப்பில் ஏறி, மலை இறங்குகிற குட்டிக்கானம் ரோட்டில் விரட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். அவர்கள் மலை இறங்கிப் போயிருந்தால் என்ன செய்வது என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

போகவில்லை. ஒரு வளைவில், டீக்கடைக்கு முன்னால் கார் நின்றது. அம்மாக்காரி பெஞ்சில் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பேத்தியைப் பார்க்காமல் இந்த மலையை விட்டு இறங்க மாட்டேன், நீங்கள் வேண்டுமானால் போங்கள் என்று பிடிவாதமாக இருக்கிறாள் என்று டிரைவர் சொன்னார். பெரியவர் கார்மேல் சாய்ந்து ரோட்டைப் பார்த்து நின்றிருந்தார். மகள் இறங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மென்பொருள் கேட்கிற காரணம், மேனேஜர் தேர்ந்தெடுக்கிற பொய், எர்ணாகுளத்துக்காரர்கள், எதையும் விடவில்லை. பாதிக்கு மேல் அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது.

"ஏனம்மிணி, அப்பறம் கேன்சல் பண்ணுனது ஆருங்கறே?"

"எங்க மேனேஜருங்கய்யா. உங்க மக, உங்களுக்குக் கால் வலி, படி ஏற முடியாதுன்னு கீழ் ரூமாக் கேட்டு வாங்கியிருந்தாங்க."

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். மகள் அழுதாள். குழந்தை அதற்குள் பாட்டியின் மடியில் ஏறித் துணிப்பையைத் துழாவத் தொடங்கியிருந்தது. பெரியவர் டீக்கடைக்காரரிடம், "இன்னும் ரெண்டு டீ போடுங்க. ஒண்ணுல சக்கரை தூக்கலா இருக்கோணும்" என்றார். தூக்கலான சர்க்கரை யாருக்கு என்று மகளுக்குத் தெரிந்திருந்தது, போய் எடுத்துக்கொண்டாள்.

எஸ்டேட்டுக்கு வெளியே என்பதால் அந்த வளைவில் டவர் கிடைத்தது. டீயைக் குடிக்கும்போதே என் போனுக்கு மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. இணையதளத்துப் படத்தில் இருந்த நீச்சல்குளம் எங்கே என்று கேட்டு எர்ணாகுளத்துப் பார்ட்டி சண்டை போட்டுக் கிளம்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். செய்தியில் அதெல்லாம் இல்லை. கீழறை காலி, அந்த ஃபேமிலியைத் திரும்பக் கூட்டி வா, உன் வேலையைப் பற்றியும் பேசிக்கொள்ளலாம், இவ்வளவுதான். ஒரு மன்னிப்புச் சொல்லக்கூடத் துப்பில்லை. பெரியவர் என்னவென்று கேட்டார், உரக்கப் படித்துக் காட்டினேன்.

அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டார்.

"ரூமு காலியாவே கெடக்கட்டும்னு சொல்லிப்போடு அம்மிணி. நாங்க எம்புள்ள ஊட்டுக்குப் போறோம்."