மிக்சி பிளக்கில் ஒரு ரூட்டர்

எங்கள் இரும்புலியூர் வீடு இரண்டு தவணையில் கட்டப்பட்டது. முன்பாதி செங்கல். பின்னறையை மட்டும், பூகம்பத்துக்குப் பயந்த ஒரு மேஸ்திரி, முழுக்கக் கான்கிரீட்டில் எழுப்பிவிட்டுப் போனார். ஹாலில் இருக்கும் ரூட்டரின் வைஃபை அந்தச் சுவரோடு நின்றுவிடும். மகளுக்கு வேலைக்கான நேர்காணல் வீடியோவில் நடக்கப்போகிறது என்றபோதுதான் எனக்கு அது உறைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேச எங்கள் வீட்டில் இருப்பது அந்த ஓர் அறைதான். ஏற்கெனவே இரண்டு கம்பெனிகள் அவளை வேண்டாம் என்றிருந்தன. மூன்றாவதற்கு எங்கள் சுவர் காரணமாகிவிடக் கூடாது.

இன்னொரு ரூட்டர் வாங்கினேன். கண்டதையெல்லாம் படிக்கிற நான், அதனுடன் வந்த கையேட்டை மட்டும் படிக்கவில்லை. சிக்னல் எங்கே இல்லையோ அங்கேதானே வைக்க வேண்டும்? பின்னறை மேஜைமேல் வைத்தேன். லேப்டாப்பில் எல்லாக் கோடுகளும் நிமிர்ந்து நின்றன. ஆனால் ஓர் இணையப் பக்கம்கூடத் திறக்கவில்லை.

"ஃபுல் சிக்னல் காட்டுதே!" என்றேன்.

"காட்டுதுப்பா. காட்டிட்டு மட்டும் இருக்கு," என்றாள் மகள்.

கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி சொன்னாள்: "ஏங்க, தண்ணியே வராத எடத்துல இன்னொரு கொடத்த வெச்சா ரொம்பிடுமா? வர்ற எடத்துல புடிச்சு அங்க தூக்கிட்டுப் போணும்."

சம்ப்புத் தொட்டியும் மோட்டாருமாகப் பாதி வாழ்க்கையைக் கழித்தவனுக்கு இதை ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. புது ரூட்டரை, ஹால் ரூட்டரின் சிக்னல் எட்டுகிற நடுவழிக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் நடுவழி என்பது சமையலறை. அங்கே காலியாக இருக்கக்கூடிய ஒரே பிளக் மிக்சியுடையது. அங்கிருந்து சிக்னல், சுவரை விட்டுவிட்டு மரக்கதவு வழியாகப் பின்னறைக்குள் போனது.

"அப்ப சட்னி?" என்றாள் மனைவி.

"இன்டர்வியூ முடியற வரைக்கும் பொடி."

மறுநாள் காலை மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் ஹாலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன் நிற்கவில்லை, ஹால் ரூட்டரும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டரை மனதுக்குள் மெச்சி முடிப்பதற்குள் நினைவு வந்தது: மிக்சி பிளக்குக்கு இன்வெர்ட்டர் லைன் கிடையாது. பேட்டரியை உறிஞ்சிவிடும் என்று யாருமே கொடுப்பதில்லை.

பின்னறைக் கதவு திறந்தது. லேப்டாப்பை ஏந்திக்கொண்டு ஓடி வந்தவள் சோபாவில் உட்கார்ந்து, "சாரி சார், பவர் கட்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். வழிவிடலாம் என்று எழுந்தேன். மைக்கை அணைத்துவிட்டுப் பல்லைக் கடித்தாள்: "ப்பா, கேமராவுல தெரியற! கீழ உக்காரு!"

சோபாவின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து அவள் முகம் தெரியவில்லை. ஏதோ ஒரு கேள்விக்கு நீளமாகப் பதில் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. யோசிக்கிறார்களா, இணைப்பு அறுந்துவிட்டதா?

"ஹலோ, ஆம் ஐ ஆடிபிள்?"

பதில் இல்லை. மறுபடியும் கேட்டாள். இந்த முறை குரல் இறங்கியிருந்தது. என் கால் மரத்துப்போனது. நீட்டினால் கேமராவில் விழும். அப்புறம் ஓர் ஆண் குரல், கேட்கிறது, மேலே சொல்லுங்கள் என்றது. விட்ட மூச்சை, மைக்கில் விழுமோ என்று பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கடைசியில் லேப்டாப் மூடும் சத்தம் கேட்டது.

"என்ன சொன்னாங்க?" என்று தரையிலிருந்தே கேட்டேன்.

"சொல்றோம்னாங்க."

"சொல்ற மாதிரி சொன்னாங்களா, சொல்லாத மாதிரி சொன்னாங்களா?"

"தெரியலப்பா. அப்பதான் ஸ்க்ரீன்ல மூஞ்சி ஃப்ரீஸாயிடுச்சு."

யார் மூஞ்சி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.