விரலுக்குத் தெரியாத ஏழு

பைப்புக்குள்ளே பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றுதான் என் சிநேகிதன் முதலில் சொன்னான். லேத் பட்டறைக்காரன் வேறு எப்படிச் சொல்வான்?

"ஒன்றரை இஞ்சு பைப்புடா. அதுக்குள்ள என்ன வருதோ அதான் எனக்கு ஒலகம்."

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கிற நோய். வலி கிடையாது. ஓரத்தில் ஆரம்பித்து நடுவைப் பார்த்து இருட்டிக்கொண்டே வரும். இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணில் மிஞ்சியிருந்ததுதான் அந்தப் பைப்பு. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் கணபதி ஏரியாவில் அவன் பட்டறைக்கு நேர் எதிரே என்னுடைய ரேடியம் ஸ்டிக்கர் கடை. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவன். எனக்கு வாசகம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வண்டிக்காரர்கள்தான். 'பொறுமையா வாங்க, எனக்கும் ஊடு இருக்குது' என்று ஒரு டெம்போக்காரர் வெட்டித் தரச் சொன்னார். இன்னொருத்தர் புது பைக்கோடு வந்து, 'அப்பா திட்டிக்கிட்டே வாங்கிக் குடுத்தது' என்று கேட்டார். மனிதர்கள் சொல்வதைக் கேட்பதற்காகவே கடையைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று அவன் கிண்டல் பண்ணுவான். அவனே எனக்கு நிறையச் சொல் கொடுத்தவன்.

ஒருநாள் அவன் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"பெருசா இருக்கறது எதையுமே முழுசாப் பாக்க முடியறதில்லடா. பஸ்ஸு வந்தா கதவு தெரியுது, போர்டு தெரியறதில்ல. இவளைப் பாக்கோணும்னாக்கூட பத்தடி தள்ளி நிக்கச் சொல்ல வேண்டியிருக்குது."

"பத்தடி தள்ளி நின்னாத்தானுங் எனக்கும் நிம்மதி" என்று சமையலறையிலிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள்.

அவன் சிரித்தான். அப்புறம் டம்ளரைக் கீழே வைக்கப்போய், மேஜை எங்கே முடிகிறது என்று விரலால் தேடினான். வைத்துவிட்டுச் சொன்னான்:

"என்ற காரை ஒருக்கா முழுசாப் பாத்துப்போடோணும்டா. சின்னதா செஞ்சு குடு. உள்ளங்கையில நிக்கோணும். அப்பத்தான் பைப்புக்குள்ள அடங்கும்."

அவன் கார் என்றால் பந்தயக் கார். ஒற்றை ஆள் உட்காருவது, சக்கரங்கள் வெளியே தெரிவது. ஒரு சின்னக் காரின் எஞ்சினைப் பிடுங்கி, தன் பட்டறையிலேயே பைப்பு வளைத்துச் சட்டம் கட்டி, அவனே செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் செட்டிபாளையம் பக்கம் பந்தயத் தளத்துக்கு இழுத்துக்கொண்டு போவோம். ஒரு தடவைகூட அவன் முதலாவதாக வந்ததில்லை. ஒருமுறை மூன்றாவது வந்தான். அன்றைக்கு நடுவிலேயே நின்றுபோன வண்டிகள்தான் அதிகம். ஆனாலும் அன்று அவன் ஹெல்மெட்டைக் கழற்றியபோது இருந்த முகத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்தக் காரின் ஸ்டிக்கர் எல்லாம் என் வேலை. அடர் நீல உடம்பு, நீளவாக்கில் ஒரு பட்டை, முன்னால் மூக்கு மாதிரி நீண்ட இடத்தில் வெள்ளை ஏழு. உள்ளே ஸ்டியரிங்குக்கு மேலே, ஓட்டுகிறவன் கண்ணுக்கு மட்டும் படும்படி, 'மாசாணியம்மன் துணை'. அவன் மனைவிக்கு அந்த அம்மன் கோயில் இருக்கிற ஆனைமலைப் பக்கம். அது இல்லாமல் வண்டி நகரக் கூடாது என்று சொல்லியிருந்தாள். ஒட்டி முடித்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் காரின் மூக்கிலிருந்து பின்னோக்கித் தடவுவான், காற்று போகிற திசையில்.

"தட்டுதுடா. வெரல்ல தட்டுனா காத்துலயும் தட்டும். பிரிச்சு ஒட்டு."

"நீ போற வேகத்துக்குக் காத்தே உன்னைத் தாண்டிப் போயிரும், போடா" என்பேன். ஆனாலும் பிரித்து ஒட்டுவேன். விரலில் ஓரம் தட்டாத வரைக்கும் விடமாட்டான்.

பிறகு கார் விற்றுப்போனது. வாங்கியவர் எஞ்சினை எடுத்துக்கொண்டு உடம்பை இரும்புக்கடையில் போட்டுவிட்டார். மிச்சம் ஒரே ஒரு போட்டோ. அதிலும் நீலம் ஊதாவாக வெளுத்திருந்தது.

அந்தப் போட்டோவை வைத்துத்தான் ஆரம்பித்தேன். பீளமேட்டில் த்ரீடி பிரிண்ட் போடுகிற கடையில் உடம்பை வரைந்து அச்சடித்துக் கொடுத்தார்கள். படிப்படியாக வரி விழுந்திருந்ததை நீர்த்தாள் என்கிற ஈர உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். டயருக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, பம்ப்செட்டுக்குப் போடுகிற ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஞாபகம் வந்தது. பம்ப்செட்டு செய்கிற நம் ஊரில் அதற்கா பஞ்சம்? சக்கரத்துக்கு இரண்டாகச் சேர்த்து மாட்டினேன். அகல டயர் மாதிரியே உட்கார்ந்தது. பக்கக் கண்ணாடிக்குச் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள். சட்டத்துக்குத் தாமிரக் கம்பி.

பட்டையின் நிறத்தில் சண்டை வந்தது. மஞ்சள் என்றேன் நான். ஆரஞ்சு என்றான் அவன். "வெட்டி ஒட்டுனவன் நானா நீயா?" "ஓட்டுனவன் நாந்தானடா!" கடைசியில் அவன் மனைவிதான் தீர்த்து வைத்தாள்.

"மஞ்சளும் இல்லீங்ணா, ஆரஞ்சும் இல்லீங். பப்பாளி நல்லாப் பழுத்து அறுத்தா வருமில்ல, அதுங்."

சரியாக அதுதான்.

அடுத்தது ஸ்டிக்கர். இத்தனை சின்ன வண்டிக்கு ரேடியம் தாள் ஆகாது. போர்வை போர்த்தின மாதிரி தடிமனாகத் தெரியும். தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற டீக்கால் என்று ஒன்று இருக்கிறது. தனிக் காகிதத்தில் அச்சடித்து, மேலே வார்னிஷ் அடித்து, வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் போட வேண்டும். சற்று நேரத்தில் காகிதத்தை விட்டு மெல்லிய ஏடு ஒன்று நழுவும், பால்மேல் ஆடை மாதிரி. அதைத் தூரிகையால் தள்ளி இடம் பார்த்து உட்கார வைத்து, தண்ணீரை ஒற்றி எடுக்க வேண்டும். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஏழாம் எண்ணை நனைத்து மூக்கில் வைத்தேன். ஏழு காணாமல் போயிருந்தது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். ஏடு இருக்கிறது, எண் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. அது வெள்ளை என்று காட்டுவதெல்லாம் காகிதத்தைத்தான். காகிதம் கழன்று போனால் வெள்ளையும் கூடப் போய்விடும். ஸ்டிக்கர் தொழிலிலேயே நரைத்த எனக்கு வெள்ளை என்பது ஒரு தாள். சுருளாக ஆணியில் தொங்கும். அது இல்லாமலும் போகும் என்று தெரியவில்லை.

அவனிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எனக்குத்தான் கண்ணு தெரியிலன்னு பாத்தா உனக்குமாடா?"

வெள்ளை ஏடு கொண்ட காகிதத்தை ஆன்லைனில் வரவழைத்தேன். அதில் எண்ணின் ஓரத்தோடு ஓரமாக பிளேடால் வெட்ட வேண்டும். அரிசியைவிடச் சின்னதாக மாசாணியம்மன் துணையை வெட்டி, ஊசிமுனையில் உள்ளே இறக்கினேன். ஏடு வளைவோடு படிய லேசாக வினிகர் தடவினேன். கடையே ஊறுகாய்ப் பானை மாதிரி நாறியது.

ஒட்டியதும் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கொடுத்தால் கட்டைவிரலை வைப்பான். அது எனக்குத் தெரியும். அவனும் தொலைபேசியில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்: "தட்டக் கூடாதுடா, பாத்துக்க." அதனால் வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, நீர்த்தாளில் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்த்து, ஏட்டின் ஓரம் வார்னிஷுக்குள் முழுகுகிற வரைக்கும் வேலை செய்தேன். கடைசியில் நானே கண்ணை மூடித் தடவினேன். நீலம் எங்கே முடிகிறது, ஏழு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு வேலையை நான் செய்ததே இல்லை.

ஷூ பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவன் மனைவி வாசற்கதவைத் திறந்தாள். உள்ளே விடாமல் கொஞ்சம் வெளியே வந்து நின்றாள்.

"அண்ணா, முந்தாநேத்துக் காத்தால ஏன் இன்னும் விடியலைன்னு கேட்டாருங். ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்தோம். வெளிச்சம் இருக்குதா இல்லையான்னு மட்டுந்தான் தெரியுமாம்."

"எனக்கு ஏன் அம்மணி சொல்லலை?"

"வேலை கெட்டுப்போயிரும், அவனுக்குச் சொல்லாதேன்னாருங்."

அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என் செருப்புச் சத்தத்துக்கே திரும்பினான்.

"வந்துட்டயா? கொண்டா."

நான் பெட்டியைத் திறந்து காரை எடுத்தேன். அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் ஓ-ரிங் டயரை உருட்டிப் பார்த்தான். தாமிரச் சட்டத்தை நகத்தால் தட்டினான். "எடை சரியாத்தான் இருக்குது." பிறகு கட்டைவிரலை மூக்கில் வைத்து, மெதுவாகப் பின்னோக்கித் தடவினான். திரும்பவும் தடவினான். அவன் நெற்றி சுருங்கியது.

"இன்னும் ஸ்டிக்கர் ஒட்டலையாடா?"

அவன் மனைவி சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஒட்டிட்டேன்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தாண்டா."

அவன் இன்னொரு தடவை தடவினான். விரல் அதே இடத்தில் இருந்தது. சுத்தமான வழவழப்பு. அவனுக்காக, அவன் சொன்னபடி, நான் செய்து வைத்த வழவழப்பு.

"ஏழு எங்கிருக்குது?"

அவன் கையைப் பிடித்து, விரலை ஏழின் மேல் வைத்துப் படுக்கைக்கோட்டில் இழுத்து, சாய்வாகக் கீழே இறக்கினேன். "பட்டை?" பட்டை நெடுகக் கொண்டு போனேன். "அதே பப்பாளிதான" என்றான். "அதே பப்பாளி." "அம்மன்?" அதற்கு விரல் நுழையாது. "உள்ள இருக்குறா" என்றேன். தலையாட்டினான்.

"நல்லா ஒட்டிப்போட்ட" என்றான். அதற்குப் பிறகுதான் அழுதான். நானும்தான்.

அதன்பின் அந்தக் கார் அவன் கையை விட்டு இறங்கவில்லை. வானொலி கேட்கும்போதும், யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதும் கட்டைவிரல் மூக்கின் மேல் போய்க்கொண்டே இருக்கும். வியர்வைக் கை. வார்னிஷ் எத்தனை நாள் தாங்கும்? முதலில் ஏழின் முனை மங்கியது. பிறகு அதன் சாய்ந்த காலும் போனது. இப்போது அங்கே நீலம் மட்டும்தான், அதுவும் வெளுத்து.

ஒரம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் அவன் காரை நீட்டுவான்.

"தடவிப் பாருங்க. ஏழு தட்டுதாங்? தட்டாது. இவன் வேலை அப்புடி."

வந்தவர்கள் எண் இல்லாத மூக்கைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். யாராவது வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி முந்திக்கொள்வாள்: "தட்டவே இல்லீங்."

கடை மேஜை டிராயரில் இன்னும் ஒரு ஏழு இருக்கிறது, வெட்டாமல். ஒட்ட வேண்டுமென்றால் காரை அவன் கையிலிருந்து வாங்க வேண்டும். எதற்கு என்று கேட்பான், ஏழு தேய்ந்துபோனதைச் சொல்ல வேண்டிவரும். இன்றைக்கும் போயிருந்தேன். அந்த ஸ்டிக்கரை எடுத்துச் சட்டைப்பையில்தான் வைத்திருந்தேன். டீ குடித்துவிட்டு, வாரேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.