பாதி உருண்டைக் களியோடு போச்சம்பள்ளி வரை

காலை எட்டு மணிக்கு ஓசூரில் கிருஷ்ணகிரி வண்டி ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து நாகரசம்பட்டி. ஊர் பார்க்கப் போகவில்லை, காவலுக்குப் போனேன்.

அந்த ஊரில் இருக்கும் என் தங்கை செல்வியின் கணவர் கோவிந்தன் கம்பெனி பஸ் டிரைவர். என்னைப் போலவே அவருக்கும் சர்க்கரை நோய். இரண்டு மாதத்துக்கு முன், மதிய ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகையில் அவருக்குக் கண் சொக்கி, பஸ் மண்ணில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் அவரைப் பஸ் கழுவ அனுப்பிவிட்டார்கள். இன்றுதான் மறுபடி ஓட்டுகிறார். இன்னொரு முறை சொக்கினால் வேலை போய்விடும்.

"அண்ணா, அவரு பின்னாடி சீட்டுல குந்திக்கோ. தலை சாஞ்சா ஒரு கொரலு குடு," என்றாள் செல்வி.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. கோவிந்தன் தட்டில் கீரையும் மொச்சைக் குழம்பும் அவித்த முட்டையும் இடத்தை அடைத்திருந்தன. கேழ்வரகுக் களி, ஓரமாகப் பாதி உருண்டை. எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன மாப்ள, களி சுகருக்கு நல்லதாச்சே?"

"அப்பிடி நெனச்சுத்தான் மச்சான், காலையில வெறும் டீயோட போயிட்டு, மத்தியானம் மூணு உருண்டை முழுங்கிக்கினு இருந்தன். ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்து மாத்திரைய மாத்துனாங்க. சாப்பாடு சொல்ற மேடம், 'நல்லதுன்னா மூணு பங்கா?'ன்னு கேட்டாங்க. கேவுரும் மாவுதான? இப்ப மொதல்ல கீரை, பயிறு, முட்டை. கடைசியில களி. காலையிலயும் பட்டினி கெடையாது."

சாப்பிட்ட கையோடு மாந்தோப்பில் பத்து நிமிடம் நடக்கப் போனார். நானோ, அந்த ஊர் வழக்கப்படி மெல்லாமல் விழுங்கி விழுங்கி, இரண்டரை உருண்டையை உள்ளே தள்ளினேன். காவல்காரனுக்குத் தெம்பு வேண்டாமா?

ஒன்றே முக்காலுக்குப் பஸ் கிளம்பியது. ஊர் ஊராக ஆட்களை ஏற்றிக்கொண்டு போச்சம்பள்ளி போக இருபத்தெட்டு கிலோமீட்டர். நான் மேல் கண்ணாடியில் கோவிந்தனின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையை விட்டு அவை அசையவில்லை. சன்னல் வழியே வெயிலும் காற்றும் வந்தன.

"மச்சான்! மச்சான்!"

விழித்தேன். கம்பெனி வாசலில் பஸ் காலியாக நின்றது. மணி இரண்டு நாற்பது. சன்னலில் இடித்த நெற்றி வலித்தது. வெட்கத்தில் சிரித்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டிய கோவிந்தன் சிரிக்கவில்லை.

"வூட்லயும் இப்பிடித்தானா?"

"வயசாவுதில்ல மாப்ள."

"நானும் அதத்தான் சொல்லிக்கினு இருந்தன், பஸ்ஸு மண்ணுல எறங்கற வரைக்கும். பாப்பாவ எத்தன மணிக்கு ஸ்கூல்ல இருந்து கூட்டியார்றீங்க?" என்றார்.

என் மகளைத் தினமும் கூட்டி வருவது மூன்றரைக்கு. வயிறு முட்டச் சோறு தின்ற பிறகு, ஸ்கூட்டரில், லாரி ஓயாத ஓசூர் சாலையில். அங்கேயே நின்று மனைவிக்குப் போன் செய்தேன். டாக்டரைப் பார்க்கும் வரை வண்டியைத் தொடமாட்டேன், பாப்பாவை நீயே கூட்டி வா என்றேன். ஏன் என்று கேட்டாள்.

பின்னால் உட்கார்ந்து வரும் மகள் வழியில் சில நாள் "அப்பா, அப்பா" என்று என் முதுகில் தட்டுவாள். விளையாடுகிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.