கண் மூடிய வகுப்பில் மாப்பிள்ளை

வகுப்புக்குப் போவதை வீட்டில் சொல்லவில்லை. வேலை போனதையே சொல்லவில்லை. அப்புறம் வகுப்பைப் பற்றி என்ன சொல்வது.

கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. பெட்ஷீட் மாற்றுவேன். வெளியூர்க்காரர்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுப்பேன். முதலாளி இடித்துக் கட்டப் போகிறேன் என்று மூடிவிட்டார். பௌர்ணமி வந்தால் வேறு லாட்ஜுகளில் கூப்பிடுவார்கள். கிரிவலக் கூட்டம் பஸ் ஏறியதும் எங்களையும் அனுப்பிவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் சும்மாதான்.

ஆனாலும் காலையில் லாட்ஜ் சட்டையைப் போட்டுக்கொண்டு, மனைவி கட்டிக் கொடுத்த டப்பாவோடு கிளம்பிவிடுவேன். பஸ் ஸ்டாண்டில் உட்காருவேன். தெரிந்த முகம் வந்தால் எழுந்து, அவசரமாகப் போகிறவன் மாதிரி நடப்பேன்.

மகள் முழுகாமல் இருந்தாள். அடுத்த மாதம் வளைகாப்பு. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் குறையில்லாமல் செய்து மகளை அழைத்து வர வேண்டும். அதுவரை என் விஷயம் மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது. அது ஒன்றுதான் மனதில் இருந்தது. மாப்பிள்ளைக்கு டவுனில் கம்பெனி ஆபீஸ் வேலை. கழுத்தில் அட்டை மாட்டியிருப்பார். அந்த அட்டையைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தேன்.

வகுப்புக்கு இழுத்துப் போனவர் ஒரு பெயின்டர். அவருக்கும் வேலை இல்லை. பஸ் ஸ்டாண்டில் பழக்கம்.

"வேலை இல்லாதவங்களுக்கு மனசு பயிற்சியாம். டீ குடுக்கறாங்க. ஃபேன் கீது. வாய்யா" என்றார்.

எங்கே என்று கேட்டேன். வேங்கிக்கால் என்றார். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இல்லை. அதனால் போனேன்.

ஒரு ஹாலில் பாய் விரித்திருந்தார்கள். பாதிப் பேர் படித்த பிள்ளைகள். மெட்ராஸிலிருந்து வந்த டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் ஆளுக்கு ஒரு காய்ந்த திராட்சை கொடுத்தார். வலது கையை நீட்டி வாங்கினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டேன். எங்கள் வரிசை முழுக்க அப்படித்தான். டீச்சரம்மா கொடுத்து முடித்துத் திரும்பி, "இப்ப கையில இருக்கறத நல்லா பாருங்க" என்றார். எங்கள் வரிசையில் யார் கையிலும் இல்லை.

"பிரசாதம்னு நெனச்சிட்டோம் மேடம்" என்றார் பெயின்டர்.

டீச்சரம்மா சிரிக்கவில்லை. மறுபடி கொடுத்தார். பார்க்க வேண்டும், முகர வேண்டும், பிறகு மெதுவாக மெல்ல வேண்டும். படித்த பிள்ளைகள் சரியாகச் செய்தார்கள். எனக்குக் காது சூடானது. இந்த வயதில் திராட்சை தின்னத் தெரியவில்லை.

பெயின்டர் என் காதில் சொன்னார்: "கண்ண மூடிக்கினு சும்மா உக்கார்றதுக்கு வெள்ளக்காரன் ப்ளேன் ஏறி வரான். நம்ம அத வூட்லயே பண்ணிக்கினு திட்டு வாங்கறோம்."

அடுத்த வகுப்பில் டீச்சரம்மா கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். நான் திருட்டுத்தனமாகக் கண்ணைத் திறந்தேன். முன் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று தெரிந்தது. கழுத்தில் நீல நாடா. அந்த முதுகு எனக்குத் தெரியும். மணமேடையில் பின்னால் நின்று பார்த்த முதுகு.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். எழுந்தால் எல்லோரும் கண்ணைத் திறப்பார்கள். உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் டீச்சரம்மா, முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பின் வரிசைக்காரர்களைப் பார்த்து உட்காரச் சொன்னார். ஒருவர் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். மற்றவர் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். மணி அடித்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளை திரும்பினார். என்னைப் பார்த்தார். அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நீங்க சொல்லுங்க மாமா."

"இல்ல, நீங்க சொல்லுங்க மாப்ள."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது நான் எப்படி..."

"பரவால்ல, சொல்லுங்க."

பக்கத்தில் பெயின்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னாங்க, பந்தியில உக்கார்ற மாதிரி உபசாரம் பண்ணிக்கினு கீறீங்க" என்றார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "ஆபீஸ மூடிட்டாங்க மாமா. சாயந்திரத்துல பார்சல் சாப்பாடு கொண்டு போறேன். செங்கம் ரோட்டுல வெளிநாட்டுக்காரங்க தங்கற ரூமுங்களுக்கு. ஹெல்மெட் போட்டுக்கறதால யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது."

நான் பேசக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குள் வந்ததைச் சொல்கிறேன். நிம்மதி வந்தது. இவரும் நம்மைப் போலத்தான், இனி இவர் முன்னால் பயப்பட வேண்டாம் என்று ஒரு நிம்மதி. என் மகள் சாப்பிடுவது இவர் சம்பாத்தியம். வயிற்றில் குழந்தை வேறு. அது எதுவும் முதலில் நினைவுக்கு வரவில்லை.

மணி அடித்தது. என் முறை.

"எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. லாட்ஜ்ல இன்னைக்கு லீவு. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன்.

அவர் என் லாட்ஜ் சட்டையைப் பார்த்தார். கேட்கிறவர் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம்.

வகுப்பு முடிந்தது. ஹாலுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் மாப்பிள்ளை டப்பாவைத் திறந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"வாங்க மாமா, சாப்பிடலாம்."

போய் உட்கார்ந்தேன். என் டப்பாவைத் திறந்தேன். இரண்டிலும் கத்தரிக்காய்க் குழம்பு. ஒரே நிறம். அம்மா வைப்பது போலவே மகளும் வைப்பாள். வேலைக்குப் போகிறவர்களுக்கு என்று இரண்டு பேரும் விடியற்காலையில் எழுந்து கட்டிய சாப்பாடு.

அதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"லாட்ஜே இல்ல மாப்ள" என்றேன். "மூடிட்டாங்க."

"தெரியும் மாமா." அவர் டப்பா மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அந்தத் தெரு ஓட்டல்லதான் பார்சல் எடுப்பேன். இடிச்சுக்கினு இருந்தாங்க, பாத்தேன். அவகிட்ட சொல்லல."

அப்படியானால் நான் லீவு என்று சொன்னபோதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் முகத்தில் காட்டாமல் கேட்டிருக்கிறார்.

"எப்பத்துலேர்ந்து?" என்றேன்.

"ரொம்ப நாளா தெரியும். நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்." மூடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "வளைகாப்ப வீட்டோட வச்சிக்கலாம் மாமா. எங்க அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். உங்க மேல பேச்சு வராது."

நான் தலையை ஆட்டினேன். நன்றி என்று மாப்பிள்ளையிடம் சொல்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

அவர் தன் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"இத சாப்பிடுங்க. உங்க பொண்ணு வெச்சது. உங்களுத நான் எடுத்துக்கறேன்."

எடுத்துக்கொண்டேன். வாயில் வைத்தேன். மெதுவாக மெல்ல வேண்டும் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். அன்றைக்கு மெதுவாகத்தான் இறங்கியது.