காசல்ரீக் கரையில் ஒரு மெழுகுதிரி

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நேற்றிலிருந்து துடுப்பு வலிக்கிறோம். இன்று எங்கள் குழுவில் சுகந்திக்குப் பிறந்தநாள். மடியில் வைத்துக் காப்பாற்றிய கேக்கோடு ஒரு தேயிலை மலையின் அடியில் படகுகளை ஒதுக்குகிறோம். ஐசிங்கில் பாதி பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறது. அது போகட்டும், இந்தக் காற்றில் மெழுகுதிரியை எப்படி ஏற்றுவது? உரசிய குச்சியெல்லாம் உடனே அணைகிறது. தீப்பெட்டியில் மிச்சம் ஒன்றே ஒன்று.

மேலே கொழுந்து பறித்த பெண்கள் தேத்தண்ணி குடிக்க இறங்கி வந்திருக்கிறார்கள். நாங்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, நனையாமலிருக்க இடுப்பில் சுற்றியிருந்த படங்கை அவிழ்க்கிறார்.

“தள்ளுங்க தம்பி, நாங்க மறைக்கிறோம்.”

மற்றவர்களும் அவிழ்க்கிறார்கள். கேக்கைச் சுற்றிப் படங்குச் சுவர் எழுகிறது. கடைசிக் குச்சியை உரசுகிறேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். திரி பற்றி, சுடர் நிமிர்ந்து நிற்கிறது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அவசரமாகப் பாடி முடிக்கிறோம். சுகந்தி குனிந்து ஒரே மூச்சில் ஊதி அணைக்கிறாள்.

அக்கா படங்கை உதறி மறுபடி கட்டிக்கொண்டே கேட்கிறார்: “அணைக்கிறதுக்குத்தானா புள்ள? அத அந்தக் காத்தே செஞ்சிருக்குமே.”