கொளஞ்சி சொல்லாத பெயர்

மூன்று வருஷமாகக் கொளஞ்சி பிரெஞ்சில்தான் வெங்காயம் நறுக்குகிறாள். இப்போது கத்தியை எடுக்கிறேன், இப்போது தோலை உரிக்கிறேன் என்று கை செய்வதையெல்லாம் வாய் அந்த மொழியில் சொல்லிக்கொண்டே போகும். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் மெஸ்ஸில் அவளுக்குச் சமையல் வேலை. கூட வேலை பார்க்கும் சின்னப்பொண்ணு முதல் மாதம் பயந்தே போய், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். பிறகு பழகிவிட்டது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நாற்பத்தாறு வயதுப் பொம்பளைக்குப் பிரெஞ்சு எதற்கு என்று உழவர்கரையில் அவள் தெருவில் கேட்காத ஆள் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவளுடைய வீட்டுக்காரர் கோவிந்தசாமி ஏழு வருஷமாக லியோன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறார். அங்கே ஓர் இடம் காலியானால் இவளையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பிரெஞ்சு பேசத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அத்தனை நாளும் பக்கத்தில் இருந்து கஞ்சி கொடுக்க ஒரு நாதி இல்லை. அன்றிலிருந்து இந்தப் படிப்பு அவளுக்கு விளையாட்டாக இல்லை.

சும்மாவும் வரவில்லை. நடுவில் நாலு மாதம் ஓர் எழவும் மண்டையில் ஏறாமல், பாடம் கேட்கப் போனைத் திறந்தாலே கொட்டாவி வந்தது. அப்புறம் அவளே ஒரு கட்டுத்திட்டம் போட்டாள். ஐந்து வாக்கியம் சொல்லாமல் காலை டீ கிடையாது. கத்தரிக்காய் பொறுக்கும்போது ஒதுக்கும் ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சில் காரணம் சொல்ல வேண்டும்: சொத்தை, முற்றல், வாடல். கடற்கரைச் சாலையில் வெள்ளைக்காரர்கள் பேசிக்கொண்டு போனால் பத்தடி பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நடப்பாள். ஒரு தடவை ஒரு கிழவர் திரும்பிப் பார்த்துப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மனைவியிடம் முணுமுணுத்தது முழுசாகப் புரிந்துவிட்டதே, அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது.

கடைசியில் லியோனில் ஓர் இடம் காலியானது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேலாளர் அம்மா வீடியோவில் பேசுவார் என்று செய்தி வந்தது. புதன்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுத் தாமரைச்செல்வி, கல்லூரியில் பிரெஞ்சு படிக்கிறவள், மேலாளர் மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்டாள். சூப் எப்படி வைப்பீர்கள், கையை வெட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்றதற்கெல்லாம் கொளஞ்சி பொளந்து கட்டினாள். உங்கள் கணவர் பெயர் என்ன என்று கேட்டதும் வாய் அடைத்துப்போயிற்று.

"புரியலியா அத்தை?"

"புரியுது. எம் மவன் வினோத்தோட அப்பான்னு சொல்லிக்கறனே."

"பேரு கேட்டா பேருதான் சொல்லணும். காகிதத்துல இருக்கறதோட சரிபாப்பாங்க."

"எழுதிக் காட்டுனா?"

"பேச வருதான்னு பாக்கத்தான கூப்பிடறாங்க!"

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் ஒரு தரமும் சொன்னதில்லை. பெருமாள் கோயிலில் கூட்டமே 'கோவிந்தா' போடும்போது இவள் மட்டும் 'நாராயணா' என்பாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவள். இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று தாமரைச்செல்வி சிரித்தாள். நெஞ்சில் ஸ்டென்ட் இல்லாத புருஷனாக இருந்தால் கொளஞ்சியும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பாள். சொன்னால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ? சொல்லாமல் வேலை போனால், அங்கே தனியாகக் கிடந்து ஏதாவது ஆகிவிடுமோ? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வியாழக்கிழமை அடுப்பு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். 'கோ' வந்தது, மிச்சம் தொண்டைக்குள்ளேயே போய்விட்டது. அன்றைக்குச் சாதம் குழைந்தது, ரசத்தில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் அரிசி மூட்டைமேல் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். மேலாளர் அம்மா திரையில் வந்தார். அவருக்குப் பின்னால், சமையல் தொப்பியோடு கோவிந்தசாமியே நின்றுகொண்டிருந்தார். அதைக் கொளஞ்சி எதிர்பார்க்கவில்லை.

வேலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. அப்புறம் அந்தக் கேள்வியும் வந்தது. அவளுக்காகத் தானே சொல்லிவிடலாம் என்று கோவிந்தசாமி வாயெடுத்தார். மேலாளர் அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இன்னொரு தரம் நிதானமாகக் கேட்டார். கொளஞ்சி தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிந்தசாமி!"

மெஸ் வாசல் வரைக்கும் கேட்டது. அதோடு மூன்று வருஷப் பிரெஞ்சும் அவளை விட்டு ஓடிப்போயிற்று. திரையை முட்டுகிற மாதிரி குனிந்தாள்.

"ஏங்க, ஒண்ணும் ஆவலியே? நெஞ்சு எப்டி இருக்கு? காலைல மாத்திரை போட்டீங்களா?"

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவள் என்ன கேட்கிறாள் என்று மேலாளர் அம்மா விசாரித்தார். கோவிந்தசாமி திக்கித் திணறிச் சொன்னார். மாத்திரை போடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நாங்கள் தினமும் சொல்கிறோம், காதில் வாங்குவதே இல்லை, இனிமேல் நீங்களே வந்து சொல்லுங்கள் என்று படபடவென்று பேசினார். அந்த வேகத்தில் கொளஞ்சிக்குப் பாதிதான் பிடிபட்டது. 'வெனே' மட்டும் தெளிவாகக் கேட்டது. வாருங்கள் என்று அர்த்தம்.

அப்போதும் அவள் தாலியை விடவில்லை. அவர் அலமாரியைத் திறந்து, மாத்திரையை எடுத்து, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.