ரைசா காட்டுப் பாதையைச் செக்கிங் பார்த்த கதை

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ரைசாவுக்குச் செக்கிங் வேலை. வயது நாற்பத்தொன்று. அதில் பத்தொன்பது வருடம் டியூப்லைட் வெளிச்சத்தில் மேஜைக்கு முன்னால் போய்விட்டது. பீஸை விரித்துத் திருப்பிப் பார்ப்பாள். ஓட்டையோ எண்ணெய்க்கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஒட்டியது ஒட்டியதுதான். மேனேஜரே வந்து "இதொண்ணை விட்றலாங்க ரைசாக்கா" என்று கேட்டாலும் எடுக்க மாட்டாள். அதனால் தையல் பிரிவில் அவளைக் கண்டால் ஆகாதவர்கள் நிறையப் பேர். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது.

மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. காலுக்கு இரும்புச் சட்டம் போட்ட காலிப்பர் மாட்டி, தடியூன்றி நடப்பாள். வேலைக்கு அது ஒரு இடைஞ்சலே இல்லை. கம்பெனி டூரில்தான் இடைஞ்சல். வருடத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து ஏதாவது ஒரு மலைக்குப் போவார்கள். அருவிக்கும் காட்டுக்கும் எல்லோரும் இறங்கும்போது, "நீங்க இருங்கக்கா, பையெல்லாம் பாத்துக்கங்க" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். அவளுக்கு எரிச்சல் தருவது அந்த மரியாதைதான். பதினோரு டூரில் அவள் பார்த்தது பஸ் ஜன்னலும் ஊரார் பைகளும். ஒரே ஒரு தடவை காட்டுக்குள்ளே போய் நின்று பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அண்ணன் கலீலிடம் சொன்னபோது, "அங்கயும் மரந்தான இருக்குது" என்றார்.

போன ஜனவரியில் மாற்றுத்திறனாளிகள் சங்கத்திலிருந்து போன் வந்தது. மலைமேல் இருக்கும் மழைக்காட்டுத் தேசியப் பூங்காவில் மூன்று நடைபாதை போட்டிருக்கிறார்களாம். பச்சைப் பலகை வைத்த பாதை சக்கர நாற்காலிக்கு. மஞ்சள், தடியூன்றி நடப்பவர்களுக்கு. சிவப்பு, கால் நன்றாக இருப்பவர்களுக்கு. திறப்பதற்கு முன்னால் நடந்து பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். ரைசா லீவு போட்டாள். முதல் நாள் ராத்திரியே பையில் தண்ணீர் பாட்டிலையும் ஒரு ரோல் அம்புக்குறி ஸ்டிக்கரையும் எடுத்து வைத்துவிட்டாள்.

மஞ்சள் பாதை எழுநூறு மீட்டர். மரப்பலகையும் கல்லும் மாறி மாறி வரும். வனவர் கந்தவேல் நோட்டோடு கூட வந்தார். முகப்பில் 'துணையின்றிச் செல்லலாம்' என்று எழுதிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆவல். அதற்கு நடந்து பார்த்தவரின் கையெழுத்து வேண்டும்.

"எங்கெங்க சிரமமோ சொல்லுங்க மேடம், எழுதிக்கறேன்."

"எழுத வேண்டாங்க சார். ஒட்டிட்டே வர்றனுங்க."

தலை தூக்கிய ஒரு ஆணிக்குப் பக்கத்தில் முதல் ஸ்டிக்கர். பாசி பிடித்த கல்லில் இரண்டாவது. ஈரத்தில் ஒட்டாத இடங்களைத் துப்பட்டாவால் துடைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். கைப்பிடி இடது பக்கம் மட்டும் இருந்த இடம், காலைத் தட்டும் வேர், படியின் உயரம் திடீரென்று மாறும் திருப்பம், எதையும் விடவில்லை. ஒரு இடத்தில் கந்தவேல் நின்று, "மேடம், இருவாச்சி" என்று கிசுகிசுத்தார். தலைக்கு மேல் பெரிய இறக்கைச் சத்தம் கடந்து போயிற்று. "ஒரு நிமிசமுங்க" என்ற ரைசா, இரண்டு பலகைக்கு நடுவே தடி நுனி மாட்டுமா என்று விரலை விட்டு அளந்துகொண்டிருந்தாள்.

பாதை முடிந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. முப்பத்தெட்டு ஸ்டிக்கர். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு பொறுமையா யாருமே பாக்கலைங்க மேடம். எல்லாத்தையும் சரி பண்ணிடறோம்," என்றார் கந்தவேல். "சரி, காடு எப்பிடியிருந்துச்சுங்க?"

ரைசா நினைத்துப் பார்த்தாள். காட்டில் எதையும் அவள் பார்த்திருக்கவில்லை. பலகையின் நிறம் தெரியும், எத்தனை ஆணி என்று தெரியும். குனிந்தே பழகிய கண் குனிந்தபடியே வந்து சேர்ந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்துக் கிடைத்ததை இப்படித் தொலைத்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"நீங்க வந்த வண்டி வரைக்கும் ஜீப்புல போயிறலாங்க, சொல்லியிருக்கேன்," என்றார் அவர்.

"இல்லீங்க சார், நடந்தே வர்றனுங்க. பைனல் செக்கிங் பாக்கோணும்."

அது பொய். வேலை விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தத் தடவை தலையை நிமிர்த்தி நடந்தாள். ஐம்பது அடி கூடப் போயிருக்க மாட்டாள். பலகையின் ஓரத்தில் காலிப்பர் பட்டது, பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தடி ஒரு பக்கம் போக, ரைசா மல்லாக்க விழுந்தாள்.

கந்தவேல் ஓடி வந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவர் சாய்ந்த பலகையில் ஸ்டிக்கரைத் தேடித் தேடிப் பார்த்தார்.

"இதுல ஸ்டிக்கரே இல்லீங்களே மேடம்."

"இல்லீங்க. வரும்போது பாத்துப் பாத்து நடுவுல கால வெச்சேன், ஆடலை." படுத்தபடியே பேசினாள். "சார், தொணையில்லாமப் போலாமுன்னு எழுதாதீங்க. கையெழுத்துப் போட மாட்டனுங்க. கீழயே பாத்துட்டு வந்தா இதுல விழ மாட்டமுங்க. ஆனா கீழயே பாத்துட்டுப் போறதுக்கு எங்களுக்கு எங்கூரு ரோடு போதாதுங்களா?"

கந்தவேல் நோட்டைத் திறந்து 'துணையின்றிச் செல்லலாம்' என்ற வரியை அடித்தார். அடிக்க மனம் வரவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு அவளைத் தூக்கிவிடக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.

ரைசா அவரைப் பார்க்கவில்லை. அடிமரங்கள் கிளையே இல்லாமல் மேலே போய்க்கொண்டே இருந்தன. உச்சியில் இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக வானம். ஒரு கிளையில் கருமந்தி ஒன்று குட்டியை அணைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்பத் தூக்காதீங்க சார்," என்றாள். "கொஞ்ச நேரம் போகட்டுங்க."